வங்கீய சாகித்திய பரிஷத்: சான்று தொகுத்தலும் உரிமை கோரலும்

1. முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இந்திய மொழிகள் பலவற்றுக்குத் தனித்தனியே புலமைக் கழகங்கள் தோன்றின. கல்கத்தாவில் 1893-94இல் வங்கீய சாகித்திய பரிஷத்தும், மதுரையில் 1901இல் தமிழ்ச் சங்கமும், கட்டக்கில் 1903இல் உத்கல் சாகித்திய சமாஜமும், பெங்களூரில் 1915இல் இன்று கன்னட சாகித்திய பரிஷத் எனப்படும் அமைப்பும், 1917இல் அசாம் சாகித்திய சபையும் நிறுவப்பெற்றன. சுவடி தேடுதல், இதழ் நடத்துதல், நூல் பதிப்பித்தல், கலைச்சொல் ஆக்குதல், மாநாடு கூட்டுதல் ஆகியவை இவை அனைத்துக்கும் ஏறத்தாழப் பொதுவான பணிகளாகும்.

இக்கழகங்களின் வரலாறு பெரும்பாலும் விழா மலர்களில் எழுதப்பட்டுள்ளது. தலைவர்களின் வரிசை, மாநாடுகளின் பட்டியல், கட்டடத் திறப்பு ஆகியவை அவற்றில் முதலிடம் பெறுகின்றன. மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் வேண்டிய கேள்வி வேறு. ஒரு கழகம் விட்டுச்சென்ற தரவு, அதன் கொள்கையை ஏற்காத ஆய்வாளனுக்கும் பயன்படுமாறு அமைந்துள்ளதா என்பதே அக்கேள்வி. ஒரு மொழிக்கெனத் தோன்றும் கழகம் அம்மொழியின் சான்றுகளைக் காக்கும் காப்பாளராகவும், அம்மொழிக்காக வாதிடும் வழக்கறிஞராகவும் ஒருங்கே செயற்பட நேர்கிறது. இவ்விரு பணிகளும் எப்போதும் ஒத்துச் செல்வதில்லை. வங்கீய சாகித்திய பரிஷத்தின் பணிகளை, சிறப்பாக அதன் முதற் கால் நூற்றாண்டுப் பணிகளை, இந்நோக்கில் மதிப்பிட இக்கட்டுரை முற்படுகிறது.

2. தோற்றமும் பெயர் மாற்றமும்

1893 ஜூலை 23ஆம் நாள் கல்கத்தாவின் சோபாபஜாரில் வினயகிருஷ்ண தேவ் இல்லத்தில் இவ்வமைப்பு தோன்றியபோது அதன் பெயர் ‘பெங்கால் அகாதமி ஆஃப் லிட்டரேச்சர்’ என்பதாகும். எல். லியோடார்டு என்பாரும் சேத்ரபால் சக்ரவர்த்தியும் இதற்கு முன்னின்றனர். வங்க இலக்கியத்தை வளர்க்க எழுந்த அமைப்பின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது; அதன் நடவடிக்கைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நிகழ்ந்தன. இம்முரண்பாட்டை உறுப்பினர் சிலரே சுட்டிக்காட்டினர். அதன் விளைவாக 1894இல் ‘வங்கீய சாகித்திய பரிஷத்’ என்னும் பெயர் ஏற்கப்பட்டது. ரமேஷ் சந்திர தத்தர் முதல் தலைவரானார். நவீன்சந்திர சேனும் இரவீந்திரநாத தாகூரும் துணைத் தலைவர்களாயினர். ‘சாகித்திய பரிஷத் பத்திரிகா’ என்னும் காலாண்டிதழ் அவ்வாண்டே வங்காளியில் வெளிவரத் தொடங்கியது.

ஒரு மொழியைப் பற்றி ஆய்வதும் அம்மொழியிலேயே ஆய்வதும் வேறுவேறானவை. பெயர் மாற்றத்தால் பரிஷத் இரண்டாவதைத் தெரிவு செய்தது. இத்தெரிவு உடனே ஒரு தேவையைத் தோற்றுவித்தது. ஒலியியல், இலக்கணம், வேதியியல், புவியியல் ஆகியவற்றை வங்காளியில் எழுதுவதற்கு வேண்டிய சொற்கள் அதுவரை நிலைபெறவில்லை. பின்னர்க் காணப்போகும் கலைச்சொல் முயற்சியின் வேர் இங்கேயே உள்ளது.

1908இல் காசிம்பஜார் அரசர் மணீந்திர சந்திர நந்தி வழங்கிய நிலத்தில் பரிஷத்துக்குச் சொந்தக் கட்டடம் அமைந்தது. நிலக்கிழார்களின் கொடையால் வளர்ந்த அமைப்பெனினும், அதன் நாள்தோறுமான பணிகளைக் கல்லூரி ஆசிரியர்களும் சுவடி தேடுவோருமே சுமந்தனர். அவருள் தலையாயவர் அறிவியல் ஆசிரியரான ராமேந்திரசுந்தர் திரிவேதி. அவர் இதழாசிரியராகவும் செயலாளராகவும் நெடுங்காலம் பணியாற்றினார்.

3. இலக்கணத்தில் பேச்சுமொழி பெற்ற இடம்

பரிஷத்தின் மொழியியற் பங்களிப்பில் முதன்மையானது 1901ஆம் ஆண்டை ஒட்டி அதன் அரங்கில் நிகழ்ந்த இலக்கண விவாதமாகும். அக்காலத்து வங்காளி இலக்கண நூல்கள் இருவகையின. ஒருவகை சமஸ்கிருத இலக்கணத்தை வங்காளி எழுத்தில் தந்தது. மற்றொருவகை ஆங்கில இலக்கணத்தின் சட்டகத்துள் வங்காளியை அடக்கியது. இவ்விரண்டும் வங்காளியின் இலக்கணம் ஆகா என்று ஹரப்ரசாத் சாஸ்திரி வாதிட்டார். அவர் சமஸ்கிருதக் கல்லூரியின் முதல்வராக விளங்கிய பெரும்புலவர். சமஸ்கிருதம் அறியாதார் கூறும் எதிர்ப்பென்று இவ்வாதத்தை ஒதுக்கிவிட இயலவில்லை.

தாகூரின் பங்கு இவ்விவாதத்தில் குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. வங்காளியின் ஒலிக்குறிப்புச் சொற்கள், இரட்டித்து வரும் சொற்கள், வினையிலிருந்தும் பெயரிலிருந்தும் பெயர் ஆக்கும் விகுதிகள் ஆகியவற்றை அவர் பேச்சு வழக்கிலிருந்து திரட்டி வகைப்படுத்தினார். இக்கட்டுரைகள் பின்னர் 1909இல் ‘சப்ததத்வ’ என்னும் நூலாயின. அகராதிகள் இடந்தராத சொற்களே இவற்றின் தரவாகும். ராமேந்திரசுந்தர் தமது ‘த்வனிவிசார்’ என்னும் கட்டுரையில் ஒலிக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பை மேலும் ஆராய்ந்தார்.

தமிழ் மொழியியலார் இப்பகுதியைக் கருத்தூன்றிக் காண்டற்குக் காரணம் உண்டு. தமிழிலக்கண மரபில் இரட்டைக்கிளவி தொல்காப்பியக் காலந்தொட்டு இடம்பெற்றுள்ளது. வங்காளி இலக்கணத்திலோ, சமஸ்கிருதச் சட்டகத்தின் காரணமாக, அதனையொத்த சொற்களுக்கு இடமில்லாதிருந்தது. 1969இல் எமனோ இந்திய மொழிகளின் ஒலிக்குறிப்புச் சொற்களை ஆராய்ந்து, அவை மொழிக்குடும்ப எல்லை கடந்த இந்திய மொழிப்பரப்பின் பொதுக்கூறு என்று நிறுவ முயன்றார். ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இக்கூற்றின் வங்காளித் தரவு கல்கத்தாவில் அச்சேறியிருந்தது.

இவ்விவாதத்தில் பரிஷத்தின் சிறப்பு, அது ஒரு பக்கத்தின் வெற்றியை அறிவித்ததில் இல்லை. மரபிலக்கணத்தார் கடுமையாக மறுத்தனர். தாகூர் தொகுத்த சொற்கள் கொச்சை என்றனர். மறுப்பும் மறுமொழியும் எழுத்தில் நின்றன. எனினும் ஒரு குறையைச் சுட்டாமல் இருத்தற்கில்லை. பேச்சுமொழிக்கு உரிமை கேட்ட இக்கட்டுரைகள் பெரும்பாலும் ‘சாது’ நடையிலேயே எழுதப்பட்டன. பொதுப்பேச்சை ஒட்டிய ‘சலித’ நடைக்கான இயக்கம் 1914இல் பிரமத சௌத்ரியின் ‘சபுஜ் பத்ர’ இதழோடுதான் வலுப்பெற்றது. ஆய்வுப் பொருளாகப் பேச்சை ஏற்ற கழகம், ஆய்வு மொழியாக அதனை ஏற்கத் தயங்கியது. இரட்டை வழக்குடைய தமிழ்ச் சூழலுக்கு இத்தயக்கம் புதியதன்று.

4. வட்டாரச் சொற்களும் சுவடிகளும்

1905இல் பரிஷத்தின் சார்பில் மாணவர்களுக்கு ஆற்றிய உரையில், தத்தம் ஊர்களின் வட்டார வழக்கு, பழக்க வழக்கங்கள் ஆகியவற்றைத் திரட்டித் தருமாறு தாகூர் வேண்டினார். நூலகத்தில் கிடைக்காத தரவைக் களத்தில் தேடுமாறு மாணவரைப் பணித்தது அக்காலத்துக்கு அரிய செயலாகும். அவ்வாண்டே ரங்கபூரில் பரிஷத்தின் முதற் கிளை தோன்றித் தனியே இதழும் நடத்தியது. 1907இல் காசிம்பஜாரில் முதலாவது மாகாண இலக்கிய மாநாடு கூடியது. தலைநகரிலிருந்து மாவட்டங்களுக்குப் பணி பரவத் தொடங்கியதற்கு இவை சான்றுகளாம்.

மாவட்டங்களிலிருந்து வந்த பணிகளுள் சிட்டகாங்கைச் சேர்ந்த அப்துல் கரீம் சாகித்தியவிசாரதரின் சுவடி விளக்க அட்டவணை தனித்துக் குறிப்பிடத்தக்கது. ‘பாங்கலா ப்ராசீன் புதிர் விவரண்’ என்னும் பெயரில் பரிஷத் அதனை 1913-14இல் வெளியிட்டது. பல்கலைக்கழகப் பட்டம் பெறாத அவர் சிற்றூர்களில் வீடு வீடாகச் சென்று சுவடிகளைத் தேடினார். இந்து, முஸ்லிம் புலவர் இருசாராரின் நூல்களையும் வேறுபாடின்றித் திரட்டினார். இடைக்கால வங்க இலக்கியத்தில் முஸ்லிம் புலவர்களின் பங்கு புலப்பட்டதற்கு இவருடைய உழைப்பு முதற்காரணமாகும்.

ஆயினும் 1911இல் வங்கீய முசல்மான் சாகித்திய சமிதி என்னும் தனி அமைப்பு கல்கத்தாவில் தோன்றியது. இளைஞரான முகம்மது ஷஹீதுல்லா அதன் செயலாளராக விளங்கினார். பிற்காலத்தில் வங்காளி மொழியியலின் தலைசிறந்த அறிஞருள் ஒருவராக மலர்ந்தவர் அவர். முஸ்லிம் அறிஞரின் நூலை வெளியிட்ட ஒரு கழகம் இருந்தபோதே மற்றொரு கழகம் வேண்டப்பட்டது என்பது சிந்தனைக்குரியது. சுவடியில் வேறுபாடு காட்டாத பரிஷத், அவையில் எல்லாருக்கும் தம் வீடு என்னும் உணர்வைத் தரவில்லை எனலாம். எந்த வங்காளி இலக்கியத்துக்குரியது, எச்சொற்கள் அதற்கு அயலானவை என்னும் வினாக்களில் அரபு, பாரசீகச் சொற்கள் மிக்க வழக்கின் நிலை தாழ்ந்தே இருந்தது. சமூக விலக்கல் சொற்றொகுப்பிலும் எதிரொலிக்கும் என்பதை அகராதித் துறையினர் நன்கறிவர்.

வட்டாரச் சொற்களைப் பொறுத்தவரை தொகுப்பு நின்றது. தொகுப்பிலிருந்து அகராதி எழவில்லை. பரிஷத் வெளியிட்ட யோகேஷ்சந்திர ராயின் ‘பாங்கலா சப்தகோஷ்’ நாட்டு வழக்குச் சொற்களுக்கு மதிப்பளித்த அகராதிதான். எனினும் வட்டார வழக்குக்கென ஒரு முழு அகராதி 1960களில்தான் உருவாயிற்று. அதுவும் கல்கத்தாவில் அன்று. டாக்காவில் 1955இல் நிறுவப்பெற்ற பாங்கலா அகாதமி, ஷஹீதுல்லாவின் தலைமைப் பதிப்பில் அதனை வெளியிட்டது. ரங்கபூர், சிட்டகாங் உள்ளிட்ட கிழக்கு மாவட்டங்கள் 1947இல் எல்லைக்கு அப்பால் சென்றுவிட்டிருந்தன. 1905இல் விடப்பட்ட வேண்டுகோள், வேறு நாட்டில், வேறு கழகத்தில், முன்னர்த் தனியமைப்பு கண்ட ஒருவராலேயே நிறைவேறியது.

5. 1916ஆம் ஆண்டின் இரு பதிப்புகள்

பரிஷத்தின் பெயர் மொழியியல் வரலாற்றில் நிலைபெற்றதற்கு 1916இல் அது வெளியிட்ட இரு நூல்களே பெருங்காரணம். ஒன்று, வசந்தரஞ்சன் ராய் வித்வத்வல்லபர் பதிப்பித்த ‘ஸ்ரீகிருஷ்ணகீர்த்தன்’. பாங்குரா மாவட்டத்தில் விஷ்ணுபூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் ஒரு வீட்டின் மாட்டுத் தொழுவத்தில் கிடந்த இதன் சுவடியை அவர் 1909இல் கண்டெடுத்தார். முதல் ஏடும் இறுதி ஏடும் இல்லாமையால் நூலின் பெயர் தெரியவில்லை. இன்று வழங்கும் பெயர் பதிப்பாசிரியர் இட்டதாகும். சுவடியின் எழுத்தமைதி குறித்து ராகல்தாஸ் பந்தோபாத்யாய் எழுதிய ஆய்வு பதிப்போடு இணைக்கப்பட்டது. அவர் குறித்த காலத்தைப் பின்வந்தோர் பலர் ஏற்கவில்லை, பிற்படுத்தினர். எழுத்தமைதி பற்றிய முதல் ஆய்வு நூலோடு சேர்ந்தே வந்தமையால், கால ஆய்வு தொடக்கத்திலேயே சான்றின் மீது நடைபெற இயன்றது.

மற்றொன்று, ஹரப்ரசாத் சாஸ்திரி நேபாள அரண்மனை நூலகத்தில் 1907இல் கண்ட பௌத்த சித்தர் பாடல்களின் பதிப்பு. ‘சர்யாபதம்’ என இன்று அறியப்படும் இப்பாடல்கள் முனிதத்தரின் சமஸ்கிருத உரையோடு ஓலைச்சுவடியில் கிடைத்தன. ஐம்பது பாடல்களுள் ஏடுகள் சிதைந்தமையால் நாற்பத்தாறரை மட்டுமே எஞ்சின. சரகர், காணர் ஆகியோரின் தோகாக்களையும் ‘டாகார்ணவம்’ என்னும் நூலையும் இவற்றோடு சேர்த்துச் சாஸ்திரி ஒரே தொகுதியாக வெளியிட்டார். தொகுதியின் பெயர், தமிழில் சொல்வதாயின், ‘ஆயிரம் ஆண்டுப் பழமையான வங்காள மொழியில் பௌத்தப் பாடல்களும் தோகாக்களும்’ என்பதாகும்.

இத்தலைப்பு மூன்று முடிவுகளைத் தன்னுள் கொண்டுள்ளது. பாடல்களின் காலம் ஆயிரம் ஆண்டு என்பது ஒன்று; அவற்றின் மொழி வங்காளி என்பது ஒன்று; தொகுதியிலுள்ள நூல்கள் அனைத்தும் ஒரே மொழியின என்பது மற்றொன்று. மூன்றும் ஆய்வின் இறுதியில் வரவேண்டியவை. நூலின் அட்டையிலேயே அவை அமர்ந்துவிட்டன.

இவற்றுள் மூன்றாவது விரைவில் வீழ்ந்தது. 1920இல் விஜயசந்திர மஜும்தார் வங்காளி மொழி வரலாறு குறித்த நூலில் சாஸ்திரியின் கொள்கையை மறுத்தார். 1926இல் சுனீதி குமார் சட்டர்ஜி தமது வங்காளி மொழியின் தோற்ற வளர்ச்சி பற்றிய பெருநூலில் தோகாக்களைச் சர்யாக்களிலிருந்து பிரித்தார். தோகாக்களின் மொழி மேலை அபப்பிரம்சம் என்றும், சர்யாக்களின் மொழியே பழைய வங்காளி என்றும் அவர் காட்டினார். வேற்றுமை உருபுகள், வினை விகுதிகள், சொல்லுருபுகள் ஆகிய உருபனியற் கூறுகள் அவர்தம் சான்றுகளாகும். பழைய வங்காளிக்குச் சர்யாக்களும், முன்னிடைக்கால வங்காளிக்கு ஸ்ரீகிருஷ்ணகீர்த்தனும் அவருக்குத் தரவாயின. பரிஷத்தின் தலைப்பைத் திருத்தியவர் பரிஷத் அச்சிட்ட மூலத்தைக் கொண்டே திருத்தினார்.

இதிலிருந்து பெறப்படும் உண்மை முதன்மையானது. சாஸ்திரியின் தலைப்பு மிகையானது. பதிப்போ மூலத்தையும் சமஸ்கிருத உரையையும் முழுமையாகத் தந்தது. பழைய வங்காளி என்னும் கருத்துக்குத் துணைபோகும் பாடல்களை மட்டும் தெரிந்து, பாடத்தை நவீன வங்காளிக்கு இசையத் திருத்தி வெளியிட்டிருப்பின், அப்பிழையைக் கண்டறிவதற்கே வழியிருந்திராது.

6. எல்லை வழக்கு

தலைப்பின் இரண்டாவது முடிவு, அதாவது சர்யாக்களின் மொழி வங்காளியே என்பது, இன்றும் முடிந்த வழக்கன்று. அசாமியர் இவற்றைப் பழைய அசாமிய மொழியின் சான்றாகக் கொள்கின்றனர். ஒடிய அறிஞர் பழைய ஒடியா என்கின்றனர். மைதிலி அறிஞரும் உரிமை கோரியுள்ளனர். ராகுல் சாங்கிருத்தியாயன் பழைய இந்தியாகக் கண்டார். ஒவ்வொரு மொழிக்கும் ஒரு புலமைக் கழகம் இருந்தமையால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு மேடையும் கிடைத்தது.

இவ்வழக்கில் மொழியியல் முறை பற்றிய பிழை ஒன்று மீண்டும் மீண்டும் நிகழ்கிறது. சர்யாக்களில் காணும் ‘-இல’ என்னும் இறந்தகால விகுதியையும் ‘-இப’ என்னும் எதிர்கால விகுதியையும் எடுத்துக்காட்டித் தத்தம் மொழிக்கு உரிமை கோருகின்றனர். இவை மாகதிக் கிளையின் மொழிகளுக்குப் பொதுவானவை. வங்காளி, அசாமியம், ஒடியா, மைதிலி, போஜ்புரி ஆகியவற்றில் சிற்சில மாற்றங்களோடு காணப்படுவன. ஒரு கிளை முழுவதற்கும் பொதுவான கூறு, கிளையைப் பிற கிளைகளிலிருந்து பிரித்துக்காட்டும்; கிளைக்குள் ஒரு மொழியை மற்றொன்றிலிருந்து பிரித்துக்காட்டாது. அதற்கு ஒரு மொழி தனியே கொண்ட புத்தாக்கம் வேண்டும்.

தனிக்கூறுகளை நாடியோரும் உளர். எதிர்மறைச் சொல் வினைக்கு முன் வருவதை அசாமிய அறிஞர் சுட்டுவர். இன்றைய வங்காளியில் அது முற்று வினைக்குப் பின் வருகிறது. ஆறாம் வேற்றுமையில் ‘-ஏர’ என்னும் வடிவத்தை வங்காளி சார்பாகச் சட்டர்ஜி சுட்டினார். ஆயின் எதிர்மறை முன்வருதல் பழைய இந்திய ஆரிய மொழிகளில் பரவலாகக் காணப்படுவது. பழமையைப் பேணியதைக் கொண்டு நெருக்கத்தை நிறுவுதல் இயலாது. ஒரே பாடற்றொகுதியில் இருபக்கச் சான்றும் கிடைப்பதே, அம்மொழிகள் முற்றப் பிரியாத நிலையை இப்பாடல்கள் காட்டுகின்றன என்னும் கருத்துக்கு வலிமை தருகிறது. பல சித்தர் பாடிய பாடல்கள் என்பதையும், நேபாளத்தில் படியெடுக்கப்பட்ட சுவடியில் கிடைத்தவை என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

பதிப்புகளின் தலைப்பு வரலாறும் இதனை உணர்த்தும். திபெத்திய மொழிபெயர்ப்பின் துணைகொண்டு பாடத்தைத் திருத்திய பிரபோத் சந்திர பாக்சியின் 1938ஆம் ஆண்டு ஆய்வு, ‘பழைய வங்காளி’ என்னும் அடைமொழியைத் தலைப்பில் பேணியது. 1977இல் சிம்லாவிலுள்ள இந்திய உயராய்வு நிறுவனம் நீலரதன் சேன் பதிப்பித்த நிழற்படப் பதிப்பை ‘சர்யாகீதிகோஷ்’ என்னும் பெயரில் வெளியிட்டது. அவ்வாண்டே பெர் குவேர்னெ ஆஸ்லோவில் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு, ‘பௌத்த தாந்திரிகப் பாடல்கள்’ என்று மட்டும் பெயர் பூண்டது. சுவடியின் உரு எல்லாருக்கும் கிட்டிய காலத்தில் மொழிப்பெயர் தலைப்பிலிருந்து நீங்கியமை நோக்கத்தக்கது.

7. கலைச்சொல்லும் மொழிபெயர்ப்பும்

பரிஷத் தோன்றிய ஆண்டிலேயே கலைச்சொற்பணி தொடங்கிற்று. ராமேந்திரசுந்தர் அறிவியற் கலைச்சொல் குறித்து இதழில் எழுதினார். வேதியியல், புவியியல் முதலிய துறைகளுக்குச் சொற்பட்டியல்கள் வெளியாயின. ஆயினும் பரிஷத்திடம் பள்ளியும் இல்லை, தேர்வும் இல்லை, பாடநூல் அச்சிடும் அதிகாரமும் இல்லை. சொல்லை ஆக்குவோர் ஓரிடத்திலும் அதனை ஆள்வோர் வேறிடத்திலும் இருந்தனர். 1930களில் கல்கத்தாப் பல்கலைக்கழகம் ராஜசேகர் வசுவின் தலைமையில் கலைச்சொற்குழுவை அமைத்தபோது இப்பணி பல்கலைக்கழகத்தின் கைக்கு மாறியது. 1936இல் எழுத்துக்கூட்டு விதிகளும் அப்பல்கலைக்கழகத்திலிருந்தே வந்தன. ராஜசேகர் வசு 1930இல் வெளியிட்ட ‘சலந்திகா’ என்னும் கையடக்க அகராதி வீடுதோறும் புகுந்தது. குழுவின் பட்டியலுக்கு இயலாத பரவல் அதற்குக் கிட்டியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்காளியில் ஆக்சிஜனுக்கு ‘அம்லஜான்’ என்றும் ஹைட்ரஜனுக்கு ‘உத்ஜான்’ என்றும் சொற்கள் வழங்கின. இன்றைய வங்காளிப் பாடநூல்கள் ஆக்சிஜன், ஹைட்ரஜன் என்றே எழுதுகின்றன. சொல்லாக்கத்தின் செம்மை மட்டும் ஒரு சொல்லை நிலைபெறச் செய்யாது. கலைச்சொற்பட்டியல் ஒரு முன்மொழிவு. வழக்கே அதன் மீது தீர்ப்பு வழங்குகிறது. எச்சொற்கள் ஏற்கப்பட்டன, எவை ஏன் வழக்கிழந்தன என்னும் பின்தொடர் ஆய்வைக் கழகங்கள் பொதுவாக மேற்கொள்வதில்லை. பட்டியலை வெளியிட்டதும் பணி முடிந்ததெனக் கருதுவது இன்றைய கலைச்சொற்குழுக்களுக்கும் உரிய குறையாகும்.

பதிப்பாசிரியரின் ஒரு சொல் மொழிபெயர்ப்புகளை எவ்வாறு ஆளும் என்பதற்கும் 1916ஆம் ஆண்டுப் பதிப்பே சான்று. சர்யாக்களின் மறைபொருள் நடையைச் சாஸ்திரி ‘சந்த்யாபாஷா’ என்னும் வடிவில் கொண்டு, ஒளியும் இருளும் கலந்த அந்திப்பொழுது போன்ற மொழி என விளக்கினார். 1928இல் விதுசேகர் சாஸ்திரி, அவ்வடிவம் ‘சந்தாபாஷா’ என்றிருத்தல் வேண்டும் என்றும், உட்கருத்தை நோக்கிய மொழி என்பதே அதன் பொருள் என்றும் வாதிட்டார். ஒரு மெய்யெழுத்தின் வேறுபாடு இது. முதல் விளக்கத்தை ஏற்கும் மொழிபெயர்ப்பாளன் பாடலின் தெளிவின்மையை மொழியின் இயல்பாகக் கருதி, தன் மொழியிலும் மங்கலாகவே பெயர்ப்பான். இரண்டாவதை ஏற்பவன், சொல்லுக்கு வெளிப்படைப் பொருள் ஒன்றும் குறித்த பொருள் ஒன்றும் உண்டெனக் கொண்டு, வெளிப்படைப் பொருளைத் தெளிவாகப் பெயர்த்து, குறித்த பொருளுக்கு உரையை நாடுவான். தமிழ்ச் சித்தர் பாடல்களைப் பிறமொழிகளில் பெயர்ப்போரும் இத்தெரிவை எதிர்கொள்கின்றனர். உரையோடு சேர்த்து மூலம் பதிப்பிக்கப்பட்டமையால், சர்யாக்களைப் பெயர்ப்போருக்கு இரண்டாம் வழி அடைபடவில்லை.

8. முடிவுரை

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துப் பரிஷத்தின் பணிகளில் ஓர் ஒழுங்கு புலனாகிறது. எங்கெல்லாம் அது மூலத்தையும் மாற்றுக்கருத்தையும் அச்சில் வைத்ததோ, அங்கெல்லாம் அதன் பிழைகள் பிறரால் திருத்தப்பட்டு, பணி நிலைத்தது. இலக்கண விவாதமும் 1916ஆம் ஆண்டுப் பதிப்புகளும் இத்தகையன. எங்கெல்லாம் முடிவை மட்டும் வெளியிட்டதோ, அங்கெல்லாம் பணி பிற நிறுவனங்களின் கைக்குச் சென்றது. கலைச்சொற்பட்டியல் இத்தகையது. எங்கெல்லாம் மொழி பேசுவோருள் ஒரு சாராரை அவைக்குள் முழுமையாகக் கொணரவில்லையோ, அங்கு இழப்பு திருத்தத்துக்கு அப்பாற்பட்டதாயிற்று.

2024 அக்டோபரில் இந்திய நடுவணரசு வங்காளி, அசாமியம் ஆகிய இருமொழிகளையும் மராத்தி, பாலி, பிராகிருதம் ஆகியவற்றோடு ஒரே நாளில் செம்மொழிகளாக ஏற்றது. ஒடியா 2014இலும் தமிழ் 2004இலும் அத்தகுதி பெற்றிருந்தன. தொன்மை அத்தகுதிக்குரிய அளவுகோல்களுள் ஒன்றாதலின், பழம்பாடல்களின் மொழிப்பெயர் இனிப் புலவரிடை நிகழும் விவாதமாக மட்டும் இராது. நிதியும் நிறுவனமும் அதனோடு பிணைந்துள்ளன. சான்றைக் காக்கும் பணி இப்போது வழக்காடும் பணியிடம் மேலும் விட்டுக்கொடுக்க நேரும். பொதுப்பாட்டன் விட்டுச்சென்ற வீட்டை உடன்பிறந்தார் தனித்தனியே தமதென்பது போல, மூன்று மொழியினரும் ஒரே ஏடுகளைக் காட்டுவர்.

இந்நிலையில் கழகங்கள் கொள்ளத்தக்க நெறியைப் பரிஷத்தின் வரலாறே காட்டுகிறது. பதிப்பின் அட்டையில் நூற்பெயரும் சுவடியின் இடமும் போதும். மொழிப்பெயர் ஆய்வுரைக்குள் வரட்டும். பாடமும் உரையும் சிதைவும் உள்ளவாறே தரப்படட்டும். அசாமிய, ஒடிய, வங்காளி, மைதிலிக் கழகங்கள் இணைந்து சர்யாக்களுக்கு ஒரு பொதுச்சொல்லடைவும் உருபனடைவும் உருவாக்குமாயின், பொதுக்கூறு எது, தனிக்கூறு எது என்பது எல்லாருக்கும் ஒருங்கே தெளிவாகும். தன் பெயரால் வெளிவந்த கொள்கையைப் பிறர் மறுப்பதற்கு வேண்டிய சான்றைத் தானே அச்சிட்டுத் தந்ததே வங்கீய சாகித்திய பரிஷத்தின் நிலைத்த புகழ். பிற மொழிக் கழகங்களின் பணிகளை மதிப்பிடுவதற்கும் இதுவே தக்க அளவுகோலாகும்.